கயிறு பிடித்தவர்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த காலத்தில் மூழ்குவோருக்கு இருவகைக் காவல் இருந்தது. ஒன்று மந்திரம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு முத்தில் 20-இல் ஒரு பங்கு அளிக்கப்பட்டது என்கிறார். இரவானதும் அக்கட்டை அவர்களே அவிழ்த்துவிடுவார்களாம்!

மற்றொன்று கயிறு. கல்லின் பளுவால் ஒருவர் கடலடிக்குச் செல்வார்; சிப்பிக்கூடையின் கயிறு தோணியிலிருப்பவர் கையில் இருக்கும். மூச்சோ ஏறக்குறைய ஒரு நிமிடமே. கீழிருந்து ஓர் அசைவு வந்ததும் இழுத்தாக வேண்டும். எத்தனை சிப்பி எடுத்தாய் என்று அப்போது எவரும் வினவமாட்டார். மனைவியின் உடன்பிறந்தானையே இப்பணிக்கு அமர்த்துவர் என்று கடற்கரையில் கூறுவர். தங்கையின் தாலி அவன் கையிலல்லவா இருந்தது?

1961-ஆம் ஆண்டோடு இங்கு முத்துக்குளிப்பு ஓய்ந்தது. இன்று, மாணவ நண்பர்களே, நீங்கள் மூழ்குவது இணையத்தில். பெற்றோர் கைப்பேசிக்குப் பூட்டு மென்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டு உறங்கிவிடுகின்றனர். அதுவும் ஒரு மந்திரக்கட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. முன்பின் அறியாத ஒருவன் படத்தைக் காட்டி மிரட்டுகையில், அவனைக் காட்டிலும் வீட்டாரின் வசவுக்கு அஞ்சியே பிள்ளைகள் பலர் கயிற்றை அசைப்பதில்லை. அசைத்தவுடன், கேள்வி கேளாமல் முதலில் இழுப்பது பெற்றோர் கடன். வீட்டில் சொல்ல நா எழாத பிள்ளை, 1098 என்னும் எண்ணை நள்ளிரவிலும் தானே அழைக்கலாம்.