பெருச்சாளியும் ஐந்து மாதக் குட்டியும்

வாகடில் எங்கள் எதிர் பிளாட்டுக்காரர் தன் ஐந்து மாத ஜாக் ரஸ்ஸல் டெரியர் குட்டியைப் பார்க்கிங் பெருச்சாளிகள் மேல் ஏவத் துடிக்கிறார். "பொறுங்க சார்" என்றேன்.

1819-ல் ஆக்ஸ்போர்டு மாணவராக இருந்த ஜான் என்கிற ஜாக் ரஸ்ஸல், ட்ரம்ப் என்ற பெட்டை டெரியரை வாங்கினார். இந்த இனத்தின் கதை அங்கேதான் ஆரம்பம். பொந்துக்குள் பதுங்கிய நரியை வெளியே விரட்டுவதுதான் பரம்பரைத் தொழில். ஆறேழு மாதத்தில் நிலைப்பற்கள் வந்துவிடும். துணிவு நிலைக்க ஒரு வருடமாவது வேண்டும்.

எங்கள் தாத்தா அவசரப்பட்டவர். 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு முந்தைய கதை. எட்டு மாதச் சிப்பிப்பாறைக் குட்டியைப் பன்றி வேட்டைக்குக் கூட்டிப்போனார். குத்துப்பட்ட காயம் ஆறியது, பயம் ஆறவில்லை. அப்புறம் அது வாசலைத் தாண்டவே இல்லையாம்.

பேங்கில் சேர்ந்தபோது எனக்கே இரண்டு வருடம் புரொபேஷன்! குட்டிக்கு ஒரு வருடம் தரக்கூடாதா?