தம் மக்கள் கதையைத் தாமே படமாக்கிய ஆஸ்கர் மிஷோ

ஒரு கூட்டத்தாரின் சரிதையைப் பிறர் சொல்லப் புகுந்தால், அது பிறருடைய விருப்பு வெறுப்புக்கேற்பவே அமையும். அமெரிக்கக் கறுப்பு மக்களுக்கு இவ்விடர் பெரிதும் நேர்ந்தது. 1915-ஆம் ஆண்டில் கிரிபித் என்பார் வெளியிட்ட 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னும் படம், அம்மக்களைக் கொடியோராகவும், அவர்களைத் துன்புறுத்திய முகமூடிக் கூட்டத்தாரை வீரராகவும் காட்டிற்று. இத்தகைய பழிக்குப் படத்தாலேயே விடையிறுத்தவருள் தலைசிறந்தவர் ஆஸ்கர் மிஷோ.

இவர் 1884-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் இல்லினாய்ஸ் மாகாணத்தில் பிறந்தார். தந்தையார் அடிமையாகப் பிறந்தவர். மிஷோ இளமையில் ரயிலில் போர்ட்டராக ஊழியஞ் செய்து சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி உழுதார். வறட்சியால் நிலம் கைவிட்டுப் போயிற்று. போகவே, தம் அநுபவங்களை நூலாக எழுதித் தாமே வீடுவீடாகச் சென்று விற்றார்.

1917-இல் அவர் வெளியிட்ட 'ஹோம்ஸ்டெடர்' என்னும் நாவலைப் படமாக்க, கறுப்பினத்தார் நடத்திய லிங்கன் படக் கம்பெனி விழைந்தது. தாமே இயக்குதல் வேண்டுமென்று மிஷோ கேட்டார், அவர்கள் இசைந்திலர். அத்தொழிலில் அவருக்குப் பயிற்சி சிறிதுமில்லை. ஆயினும் தாமே ஒரு கம்பெனி கண்டு, தாம் அறிந்த உழவர்களிடத்தும் பங்குகள் விற்று முதல் திரட்டி, 1919-இல் படத்தை வெளியிட்டார். பங்கு வாங்கியோருள் வெள்ளையரும் பலர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அடுத்த ஆண்டில் 'எம் வாயில்களுக்குள்' என்ற படம் வந்தது. ஏழைக் குழந்தைகளின் பள்ளிக்கூடத்திற்காகப் பொருள் தேடி அலையும் ஓர் ஆசிரியையின் கதை அது. செய்யாத கொலைக்காக ஒரு கறுப்புக் குடும்பத்தை வெறிக்கூட்டம் தூக்கிலிடுவதை அதில் மறையாது காட்டினார். 1919-இல் இனக்கலகம் நிகழ்ந்த சிக்காகோ நகரில் தணிக்கையாளர் முதலில் அனுமதி மறுத்தனர். மிஷோ சோர்ந்தாரல்லர். படச்சுருளைத் தாமே சுமந்து ஊர்தோறும் சென்று கொட்டகைக்காரரிடம் பேசி முடித்தார். 1925-இல் பால் ராப்ஸன் என்னும் பெரும் பாடகரை முதன்முதலில் திரையில் நடிப்பித்தவரும் இவரே. 1928-இல் கடனால் நொடித்தார். மீண்டெழுந்து 1931-இல் 'எக்ஸைல்' என்னும் பேசும்படத்தை அளித்தார்.

அவர் படங்கள் குறையற்றன என்று நாம் கூறோம். கைப்பொருள் சுருங்கியதால் வேலைப்பாடும் சுருங்கிற்று. 1938-இல் வெளிவந்த படமொன்று தம்மை இழிவுபடுத்துகின்றதென்று அவருடைய மக்களே கண்டித்தனர். எனினும் நாற்பதுக்கு மேற்பட்ட படங்களைப் பெருங்கம்பெனிகளின் துணையின்றி ஆக்கியவர் அவர்.

1951-இல் மிஷோ காலமானார். அந்தோ! அப்படங்களுள் பெரும்பாலானவை பேணுவாரின்றி அழிந்தன. 'எம் வாயில்களுக்குள்' படமும் மறைந்ததென்றே எண்ணப்பட்டது. 1970-களில் ஸ்பெயின் தேசத்துப் படக்காப்பகத்தில் வேற்றுப் பெயருடன் ஒரு பிரதி அகப்பட்டது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தார் அதனைச் செப்பனிட்டு 1993-இல் மீட்டனர். சொந்த நாட்டார் இழந்ததை அயல்நாட்டுப் பெட்டகம் காத்துத் தந்தது!

அன்பர்காள்! தம் கதையைத் தாமே சொல்லுதல் ஒரு கடமை. சொல்லியதைக் காத்தல் மற்றொரு கடமை. முன்னதை மிஷோ தனியொருவராய் நின்று செய்து முடித்தார். பின்னது தனியொருவரால் ஆவதன்று; அது பின்வந்தோர் அனைவருக்கும் உரியது. நம் இல்லங்களில் செல்லரிக்கும் ஏடுகளையும், முதியோர் நினைவிலுள்ள செய்திகளையும் இன்றே தொகுத்து வைப்போமாக.