திறமையைத் தேடிய தேர்வுகள்

நம் நாட்டில் பள்ளி மாணவரின் திறமையைத் தேர்வு வைத்துத் தேடி, உதவித்தொகை வழங்கும் பெருந்திட்டம் ஒன்று 1963ஆம் ஆண்டு தொடங்கிற்று. அதன் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நம் பிள்ளைகளின் எதிர்காலத்திற்குப் பயன் தரும்.

1961இல் நிறுவப்பட்ட தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் இத்திட்டத்தைத் தலைநகர் டெல்லியில் மட்டும் சோதனையாக நடத்தியது. முதலாண்டில் உதவித்தொகை பெற்றோர் 10 மாணவர்களே. மறு ஆண்டில் திட்டம் நாடு முழுமைக்கும் விரிந்தது. உதவித்தொகைகள் 350 ஆயின. அன்று அறிவியல் மாணவருக்கு மட்டுமே இடம். எழுத்துத் தேர்வு, அறிவியல் கட்டுரை, ஆய்வறிக்கை, நேர்காணல் என நான்கு படிகளைக் கடக்க வேண்டும். ஆய்வுக்கூடமில்லாத பள்ளியில் பயிலும் ஏழை மாணவன் ஆய்வறிக்கைக்கு எங்கே போவான் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1977இல் இது தேசியத் திறனாய்வுத் தேர்வு எனப் பெயர் மாறிற்று. சமூக அறிவியல், பொறியியல், மருத்துவம் ஆகியவற்றைப் பயில விரும்புவோருக்கும் வாயில் திறந்தது. 1985 முதல், மாநிலங்கள் முதற்கட்டத் தேர்வையும் குழுமம் இரண்டாம் கட்டத்தையும் நடத்தின. உதவித்தொகைகள் 1983இல் 750, 2000இல் 1000, 2019இல் 2000 என உயர்ந்தன. ஆயினும் இத்திட்டத்திற்கான ஒப்புதல் 2021 மார்ச்சுடன் முடிவுற்றது. 2022இல் தேர்வு நிறுத்தி வைக்கப்பட்டது.

இத்தேர்வு குடும்ப வருமானத்தைப் பார்க்கவில்லை. திறமையை மட்டுமே பார்த்தது. ஆனால், திறமையிருந்தும் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடைக்கும் பட்டறைக்கும் செல்லும் பிள்ளைகள் ஏராளம். அவர்களைத் தடுத்து நிறுத்தும் நோக்குடன் 2008இல் பிறந்ததே தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித்தொகைத் திட்டம். திறமையும் தேவையும் இதில் ஒருங்கே கருதப்படுகின்றன. ஆண்டுக்கு ஒரு லட்சம் புதிய மாணவருக்கு இதில் இடமுண்டு. தொடக்கத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாயாக இருந்த தொகை 2017 முதல் 12,000 ஆயிற்று. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, நான்காண்டுகளில் 48,000 ரூபாய்.

அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பயிலும் மாணவர் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 5 விழுக்காடு தளர்வுண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாயைத் தாண்டலாகாது. மனத்திறன் தேர்வில் 90 வினாக்கள், பாடத்திறன் தேர்வில் 90 வினாக்கள்.

தேர்ச்சி பெற்றதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பித்தல் அவசியம். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு பெறுதலும் வேண்டும். வருமானச் சான்றிதழை உரிய காலத்தில் பெறுவதும், பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருப்பதும் பெற்றோரின் பொறுப்பு. நன்கு படித்த பிள்ளை ஒரு தாளின் குறையால் தொகையை இழப்பது பெரும் இழப்பன்றோ!

பத்துப் பேருடன் தொடங்கிய வாய்ப்பு இன்று லட்சம் பேருக்கு விரிந்துள்ளது. நம் மஹல்லாவில் எட்டாம் வகுப்புப் பயிலும் பிள்ளைகள் யார் யார் என ஜமாஅத்தார் கணக்கெடுப்போம். விண்ணப்பம் நிரப்பத் தெரியாத பெற்றோருக்குப் படித்த நம் இளைஞர்கள் துணை நிற்கட்டும். தகுதியுள்ள ஒரு பிள்ளைகூட விண்ணப்பிக்காமல் விடுபட நாம் இடம் தரலாகாது.