லக்சம்பர்க்கின் பாதித் தேர்தல்கள்

லக்சம்பர்க்கில் தேர்தல் என்றால் ஒரு காலத்தில் நாட்டின் ஒரு பாதிக்கு மட்டுமே வாக்குப்பதிவு. மறு பாதி வேடிக்கை பார்க்கும். பிரதிநிதிகள் அவை உறுப்பினரின் பதவிக்காலம் ஆறாண்டு; மூன்றாண்டுக்கு ஒருமுறை ஏறக்குறையப் பாதி இடங்கள் காலியாகும். 1868 அரசியலமைப்பிலேயே இருந்த ஏற்பாடு இது. அவையைக் கலைத்தாலொழிய ஒரே அலையில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

1919இல் 21 வயதான ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. நாடு நான்கு தொகுதிகளானது. பாதித் தேர்தல் மட்டும் நீடித்தது. சுரங்கமும் இரும்பாலையும் நிறைந்த தெற்கும், மொசெல் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களின் கிழக்கும் ஒரு சோடி. தலைநகர் அடங்கிய மத்தியும், மேட்டுநில உழவர்களின் வடக்கும் இன்னொன்று. தொகுதியில் எத்தனை இடமோ அத்தனை வாக்கு ஒருவருக்கு. கட்சி வேலி தாண்டியும் பிரித்துப் போடலாம்.

1934 ஜூனில் தெற்கின் முறை. எஷ் நகரை உள்ளடக்கிய அத்தொழிலாளர் தொகுதியிலிருந்து ஸெனோன் பெர்னார் என்ற கம்யூனிஸ்ட் முதன்முறையாக வென்றார். அவையோ அவரை உட்கார விடவில்லை. பெரும்பான்மையினர் அவரது பதவியைப் பறித்தனர். பிரதமர் ஜோசப் பெஷ் அதோடு நிற்காமல் கம்யூனிஸ்ட் கட்சியையே கலைக்கும் சட்டமும் கொண்டுவந்தார். எதிர்ப்பாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘வாய்ப்பூட்டுச் சட்டம்’.

சட்டம் அவையில் தேறியது. பெஷ் அதைப் பொதுவாக்கெடுப்புக்கும் விட்டார். நாள் 1937 ஜூன் 6. அன்றே மத்தியிலும் வடக்கிலும் 26 இடங்களுக்குப் பாதித் தேர்தல். அந்தப் பக்கத்து வாக்காளர் சட்டத்துக்கும் உறுப்பினருக்கும் சேர்த்து வாக்களித்தார். சட்டத்தால் நேரடியாகச் சீண்டப்பட்ட தெற்கத்தியருக்கோ சட்டத்தின் மீது மட்டுமே வாக்கு. உறுப்பினரை மாற்ற அவர்கள் இன்னும் மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். பாதித் தேர்தலின் கோணல் இவ்வளவு பச்சையாக வேறெப்போதும் வெளிப்பட்டதில்லை எனலாம்.

50.67 விழுக்காட்டினர் ‘வேண்டாம்’ என்றனர். மயிரிழைதான், ஆனாலும் பெஷ் பதவி விலகினார். பியேர் டுபோங் சோசலிஸ்டுகளைச் சேர்த்துக்கொண்டு அமைச்சரவை அமைத்தார்; வெளியுறவுத் துறை பெஷ்ஷிடமே தங்கியது.

தெற்கின் அடுத்த முறை 1940இல் வந்திருக்க வேண்டும். அவ்வாண்டு மே 10 அன்று ஜெர்மன் படை நுழைந்தது. பெர்னார் 1942இல் நாஜிச் சிறையில் இறந்தார்.

போருக்குப் பின் 1945இல் அவை முழுவதற்கும் தேர்தல் நடந்தது. 1948இல் தெற்கும் கிழக்கும், 1951இல் மத்தியும் வடக்கும் பழையபடி முறைவைத்து வாக்களித்தன. அதுவே கடைசி. 1954இல் மீண்டும் முழுத் தேர்தல். 1956 அரசியலமைப்புத் திருத்தம் உறுப்பினர் அனைவருக்கும் ஐந்தாண்டு என ஒரே காலத்தை வைத்தது.