கார்புரேட்டர் வழிதலும் பெட்ரோல் அழுத்தமும்: வண்டலூர் முதல் ஒரகடம் வரை ஒரு வரலாறு

கார்புரேட்டர் பொருத்திய பழைய கார்களில், எஞ்சின் செலவழிக்கும் அளவைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் வந்து சேர்ந்து, கார்புரேட்டரின் மிதவை அறையை மீறி வெளியேறுவதைக் கார்புரேட்டர் வழிதல் என்கிறோம். பட்டறைகளில் இதற்கு "ஓவர்ஃப்ளோ" என்று பெயர். வழிந்த பெட்ரோலால் எஞ்சின் நனைந்து வண்டி கிளம்ப மறுத்தால் "ஃப்ளட் ஆயிடுச்சு" என்பார்கள். கார்புரேட்டரில் தெரிகிற நோய் என்பதால் எல்லோரும் முதலில் கார்புரேட்டரையே கழற்றுகிறார்கள். ஆனால் பெட்ரோல் தொட்டியிலிருந்து எஞ்சினுக்கு வந்து சேரும் முறை எப்படியெல்லாம் மாறியது என்ற வரலாற்றைப் பார்த்தால், பல நேரங்களில் குற்றவாளி கார்புரேட்டருக்கு முன்னாலேயே இருப்பது புரியும். அந்தக் குற்றவாளியின் பெயர் அழுத்தம்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூரை ஒட்டிய பென்னலூர் வழியாகப் புதுக் கார்களை ஏற்றிய நீண்ட டிரெய்லர் லாரிகள் நாள்தோறும் போகின்றன. அவற்றில் உள்ள ஒரு காரிலும் கார்புரேட்டர் கிடையாது. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோ முதல் நாளிலிருந்தே பெட்ரோலைப் பீய்ச்சும் 'இன்ஜெக்‌ஷன்' முறையில் ஓடிய கார். ஒரகடத்தில் 2010-இல் தொடங்கிய ரெனோ–நிசான் ஆலைக்கும் கார்புரேட்டரோடு உறவே இருந்ததில்லை. ஆனால் ஒரகடத்திலிருந்து வண்டலூர் சாலையைப் பிடித்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் கிழக்கே போனால், கார்புரேட்டர் கார்களைச் செய்த ஊருக்கே போய்ச் சேரலாம். அதைப் பற்றிப் பின்னால் வரும்.

மிதவை அறை பிறந்த காலம்

கார்ல் பென்ஸின் முதல் காரில் பெட்ரோல் ஒரு பாத்திரத்தில் கிடந்து ஆவியாகி, அந்த ஆவியே எஞ்சினுக்குப் போனது. 1893 வாக்கில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக்கும், ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும், மெல்லிய துளை வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் கார்புரேட்டரைத் தனித்தனியே உருவாக்கினார்கள். தெளிப்பு ஒரே சீராக இருக்க வேண்டுமானால் துளைக்குப் பின்னால் நிற்கும் பெட்ரோலின் மட்டம் மாறக் கூடாது. அதற்காக வந்ததுதான் மிதவை அறை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து வால்வு செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. மட்டம் ஏறினால் மிதவை ஏறி, ஊசி வால்வை அதன் இருக்கையில் அழுத்தி மூடும். மட்டம் இறங்கினால் வால்வு திறக்கும்.

மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது, அன்றைய கார்களில் பம்பு பெரும்பாலும் கிடையாது. தொட்டி எஞ்சினைவிட உயரத்தில் இருந்தது. பெட்ரோல் தானாக இறங்கி வந்தது. ஒரு மீட்டர் உயரப் பெட்ரோல் தரும் அழுத்தம் ஏறத்தாழ 7 கிலோபாஸ்கல், அதாவது பட்டறைக் கணக்கில் 1 பி.எஸ்.ஐ. கார் டயரில் முப்பது பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு மென்மையானது என்று தெரியும். மிதவையும் ஊசியும் இந்த மென்மையான அழுத்தத்துக்குத்தான் பிறந்தன. ஃபோர்டு மாடல் டி காரில் தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்ததால், பெட்ரோல் குறைந்த நிலையில் செங்குத்தான ஏற்றம் வந்தால் வண்டியைத் திருப்பிப் பின்புறமாக ஏற்றினார்கள். பெட்ரோல் இறங்கி வர வேறு வழியில்லை.

தொட்டி பின்னால் போனது

தொட்டியைக் காரின் பின்பக்கம் தாழ்வாக வைத்தால் இடமும் கிடைக்கும், பாதுகாப்பும் கூடும். ஆனால் பெட்ரோலை மேலே இழுக்க ஒரு கருவி வேண்டும். முதலில் எஞ்சினின் உறிஞ்சும் விசையால் இழுக்கும் சிறு வெற்றிடத் தொட்டிகள் வந்தன. 1930 வாக்கில் எஞ்சினின் கேம் தண்டு அசைக்கும் டயாஃப்ரம் பம்பு பரவியது. நம் மெக்கானிக்குகள் இன்றும் அதை "ஏசி பம்ப்" என்கிறார்கள். குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஏசி என்பது ஒரு உற்பத்தியாளரின் பெயர். மோரிஸ் மைனர் போன்ற கார்களில் எஸ்.யு. மின்பம்பு இருந்தது. சாவியைத் திருப்பியதும் "டிக் டிக்" என்று அடித்து, மிதவை அறை நிரம்பியதும் அது தானே அடங்கிவிடும். எஞ்சின் ஓடாதபோதும் அது விடாமல் அடித்தால், தொட்டியில் பெட்ரோல் இல்லை அல்லது பெட்ரோல் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். இதைவிட மலிவான சோதனைக் கருவி கிடைக்காது.

ஏசி பம்பில் அழுத்தத்தைத் தருவது நெம்புகோல் அல்ல, டயாஃப்ரத்துக்கு அடியில் உள்ள சுருள்வில். கேம் அந்த வில்லை அமுக்குகிறது. வில் விரியும்போது பெட்ரோலைத் தள்ளுகிறது. ஊசி வால்வு மூடியிருந்தால் வில் விரிய முடியாமல் காத்திருக்கும். பழைய கார்களில் இந்த அழுத்தம் பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து மூன்று பி.எஸ்.ஐ. வரை. புவியீர்ப்புக் காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு கூடியது. ஆனால் மிதவை தாங்கக்கூடியது.

எவ்வளவு தாங்கும் என்பதை ஆர்க்கிமிடீஸ் தத்துவம் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவரே கணக்கிடலாம். ஓர் எடுத்துக்காட்டு: ஊசி வால்வின் துளை 2 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். 3 பி.எஸ்.ஐ. அழுத்தம் அந்த ஊசியைத் தள்ளும் விசை சுமார் 6.6 கிராம் எடைக்குச் சமம். 6 பி.எஸ்.ஐ. என்றால் 13 கிராம். எதிர்ப்பக்கத்தில், மிதவை 20 கன சென்டிமீட்டர் பெட்ரோலை இடம்பெயர்த்தால் மேல்நோக்கு விசை 15 கிராம். மிதவையின் எடை 8 கிராம் போக மிச்சம் 7. மிதவையின் கை நெம்புகோலாக அதை இரட்டித்தால் 14 கிராம். மூன்றுக்கு வால்வு உறுதியாக நிற்கும், ஆறுக்குத் தள்ளாடும். பித்தளை மிதவையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து உள்ளே 4 கிராம் பெட்ரோல் புகுந்தால், 14 என்பது 6 ஆகிவிடும், மூன்று பி.எஸ்.ஐ.க்கே வழியும். அளவுகள் காருக்குக் கார் மாறும், கணக்கின் போக்கு மாறாது. கார்புரேட்டர் என்பது சில கிராம்களின் இழுபறி.

வண்டலூர் கார்கள்

சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் இடைப்பட்ட ஜி.எஸ்.டி. சாலை ஆலையில் வான்கார்டு, ஸ்டாண்டர்டு எய்ட், டென், பென்னன்ட் ஆகியவற்றைச் செய்தது. 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் அது, 948 சி.சி. எஞ்சின். 1972-இல் கெஸல், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000. அதன் பின் சில ஆண்டுகளில் ஆலை நின்றது. கல்கத்தாவின் அம்பாசிடரும் பம்பாயின் பத்மினியும் நாடு முழுவதும் ஓடியபோது, ஹெரால்டு தமிழ்நாட்டுத் தெருக்களின் செல்லக் காராக இருந்தது என்பது என் கணிப்பு. அதன் பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் மொத்தமும் கைக்கெட்டும். சாலையோரத்தில் ரிப்பேர் செய்யவே வரைந்தது போன்ற அமைப்பு.

ஹெரால்டு, அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சின்கள் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பெட்ரோல் உள்ளே போகும் குழாயும், எரிந்த புகை வெளியேறும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அதனால் கார்புரேட்டர் சூடான புகைக்குழாய்க்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இங்கிலாந்துக் குளிரில் இது வசதி. நம் ஊரில் 2003 மே இறுதியில் சென்னையில் 45 டிகிரி அடித்தது போன்ற வெயிலில் இது வேறு கதை. அந்தக் கார்களில் வழியும் பெட்ரோல் நேராகச் சுடும் இரும்பின் மேல் விழுகிறது. வழிதலைச் சிறு தொல்லையாக நினைத்து விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பழைய கார்கள் தீப்பிடிப்பதற்கு இது ஒரு முக்கிய வழி.

வெயில் காலத்தில் இரண்டு நோய்கள் ஒன்றுபோலத் தோன்றும். ஓடிய காரைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுக் கிளப்பினால் கிளம்பாது. ஒன்று, பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டது. பட்டறையில் இதை "ஏர் லாக்" என்பார்கள். ஏசி பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிய டிரைவர்களை ஐம்பது வயது தாண்டியவர்கள் பார்த்திருப்பார்கள். மற்றது இதற்கு நேர் எதிர்: சூட்டில் குழாயில் இருந்த பெட்ரோல் விரிந்து ஊசி வால்வைத் தள்ளித் திறந்து அறையை நிரப்பிவிடுவது, அல்லது அறையில் இருப்பதே கொதித்து ஜெட் வழியாக உள்ளே கொட்டுவது. பிளக்கைக் கழற்றினால் விடை கிடைக்கும். காய்ந்திருந்தால் ஏர் லாக். நனைந்து பெட்ரோல் நெடி அடித்தால் வழிதல். வழிதலுக்குச் சோக்கை இழுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய். சோக்கை முழுதும் உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தாக இறுதிவரை மிதித்து, மிதித்து மிதித்து விடாமல் பிடித்துக்கொண்டு, ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். காற்று நிறையப் புகுந்து கூடுதல் பெட்ரோலை வெளியேற்றும். ஆனால் வெளியே ஒழுகியிருப்பது கண்ணில் பட்டால் முதலில் அது காயட்டும்.

காரணத்தைப் பிரித்தறியும் முறை

நம் மெக்கானிக்குகளிடம் ஓர் அழகான சோதனை இருக்கிறது. பம்பின் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஒரு சிறிய பெட்ரோல் பாட்டிலை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவது போல உயரத்தில் தொங்கவிட்டு, கார்புரேட்டருக்கு நேரடியாக இணைப்பார்கள். எந்த நூலையும் படிக்காமல் அவர்கள் 1900-ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போகிறார்கள்: பம்பு இல்லாத, ஒரு பி.எஸ்.ஐ.க்கும் குறைந்த அழுத்தம். அந்த நிலையிலும் வழிந்தால் கோளாறு கார்புரேட்டருக்குள்: இருக்கையில் துரும்பு, தேய்ந்த ஊசி முனை, பெட்ரோல் குடித்த மிதவை, வளைந்துபோன மிதவைக் கை. பாட்டிலில் வழியாமல் பம்பை இணைத்ததும் வழிந்தால் அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். சூடான எஞ்சினருகே, தீயணைப்பான் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

துரும்புதான் அதிகம் அகப்படும் காரணம். மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தால் உள்ளே பெட்ரோல் இருந்தால் சத்தம் கேட்கும். வெந்நீரில் முக்கினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். உள்ளிருக்கும் பெட்ரோலை முழுக்க ஆவியாக்கிய பிறகே ஈயம் வைக்க வேண்டும். அதையும் தாராளமாக வைத்தால் மிதவையின் எடை கூடி, மேலே போட்ட கணக்கு கெட்டுவிடும்.

அழுத்தம் என்றால் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையே ஒரு டி-இணைப்பில் அழுத்தமானியை வைத்துப் பார்த்துவிடலாம். புதிதாக மாற்றிய பம்பில் வில் கடினமாக இருந்தாலோ, பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள பேக்கிங் மெலிந்தாலோ அழுத்தம் ஏறும். பேக்கிங் மெலிந்தால் நெம்புகோல் வில்லைக் கூடுதலாக அமுக்குகிறது என்பதே காரணம். அதனால்தான் பழைய கைகள் இன்னொரு பேக்கிங்கைச் சேர்த்து வைத்து நோயைத் தீர்த்தார்கள். எஞ்சின் ஆயிலையும் ஒருமுறை முகர்ந்து பார்ப்பது நல்லது. அதில் பெட்ரோல் நெடி இருந்தால் வழிந்தது சிலிண்டர் வழியாக இறங்கியிருக்கலாம், அல்லது பம்பின் டயாஃப்ரம் கிழிந்து நேராக ஒழுகியிருக்கலாம். எதுவானாலும் ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

இன்ஜெக்‌ஷன் காலத்தில் பழைய கார்

1983-இல் வந்த மாருதி 800 கார்புரேட்டர் கார்தான். ஆனால் அதில் மிஞ்சிய பெட்ரோலைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் குழாய் இருந்தது; ஓடிக்கொண்டே இருக்கும் பெட்ரோல் சூடேறாது, அழுத்தமும் தேங்காது. கார்புரேட்டர்ஸ் லிமிடெட் என்ற சென்னை நிறுவனமும் ஜப்பானின் மிகுனியும் சேர்ந்து 1985-இல் யூகால் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் ஆலை மறைமலை நகரில் அமைந்தது. 2000 ஏப்ரலில் நாடு முழுவதும் புகை விதிகள் இறுகின. கார்களில் கார்புரேட்டரின் காலம் அத்தோடு முடிந்தது எனலாம்.

பழைய கார்களுக்குப் புதிய சிக்கல் இதன் பிறகே தொடங்குகிறது. இன்ஜெக்‌ஷன் காரின் மின்பம்பு தரும் அழுத்தம் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல். ஏசி பம்புக்கு உதிரிபாகம் கிடைக்காதவர்கள், கையில் அகப்பட்ட மின்பம்பைப் பொருத்திவிடுகிறார்கள். மேலே சொன்ன 2 மி.மீ. துளையில் அது 90 கிராமுக்கு நிகரான விசையோடு ஊசியைத் தள்ளும்; 14 கிராம் மிதவை என்ன செய்யும்? பிறகு கார்புரேட்டர் சரியில்லை என்று அதையும் மாற்றுகிறார்கள். மின்பம்பு வேண்டுமென்றால் தாழ்ந்த அழுத்தப் பம்பையோ, அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரையோ வைக்க வேண்டும். எஞ்சின் நின்றால் பம்பையும் நிறுத்தும் சுவிட்சும் கட்டாயம். விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் மின்பம்பு பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

2023 முதல் பரவிவரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னொரு மாற்றம். ஹெரால்டு காலத்து ரப்பர் டயாஃப்ரமும் குழாய்களும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. உப்பி, விறைத்து, வெடிக்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய தொட்டியின் அடியில் பல ஆண்டுகள் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து ஊசி வால்வின் இருக்கையில் சேர்க்கும். ஐம்பது ஆண்டு கடந்த கார்களுக்கு 2021-இல் தனிப் பதிவு விதிகள் வந்துள்ளதால், பல பழைய கார்கள் ஷெட்டிலிருந்து மீண்டும் வெளியே வருகின்றன. நெடுநாள் நின்ற காரைக் கிளப்பும் முன் தொட்டியைக் கழுவி, எத்தனாலைத் தாங்கும் ரப்பராக டயாஃப்ரத்தையும் குழாய்களையும் மாற்றி, பம்புக்கு முன்னால் ஒரு வடிகட்டியை வைத்து, முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் அந்த வடிகட்டியை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும்.