நகராத நான்கு கொட்டைகள்



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டத்தாளும் புளியங்கொட்டையும் கொடுத்து, 'வாழ்க்கை விளையாட்டு' என்னும் கணித விளையாட்டைக் கற்பித்தேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் ஜான் கான்வே உருவாக்கியது இது. தொடக்கத்தில் அவரும் நண்பர்களும் 'கோ' பலகையில் காய்களை அடுக்கியே இதனை ஆராய்ந்தனர். 1970 அக்டோபரில் மார்ட்டின் கார்ட்னர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய பின்னர் உலகம் இதனை அறிந்தது.

விதிகள் எளியவை. ஒவ்வொரு கட்டத்திற்கும் எட்டு அண்டைக் கட்டங்கள் உண்டு. கொட்டையுள்ள கட்டத்தின் அண்டையில் இரண்டு அல்லது மூன்று கொட்டைகள் இருந்தால் அது பிழைக்கும், இல்லையேல் மடியும். வெற்றுக் கட்டத்தின் அண்டையில் சரியாக மூன்று இருந்தால் அங்கே புதியது பிறக்கும்.

ஒரு மாணவி நான்கு கொட்டைகளைச் சதுரமாக வைத்தாள். தலைமுறை பல கடந்தும் மாற்றமில்லை. "இது செத்துப்போச்சா, டீச்சர்?" என்றாள். "அதனால் பயனில்லை, வேறு வடிவம் வை" என்றேன்.

அன்றிரவு இந்த விளையாட்டின் வரலாற்றைப் படித்தபோது என் பிழை விளங்கிற்று. சதுரத்தின் ஒவ்வொரு கொட்டைக்கும் அண்டையில் மூன்று உண்டு. வெளியிலுள்ள எந்த வெற்றுக் கட்டத்திற்கும் இரண்டுக்கு மேல் இல்லை. ஆகவே, இறப்புமில்லை, பிறப்புமில்லை. அது செத்த வடிவமன்று, நிலைத்த வடிவம்.

எந்த வடிவமும் முடிவின்றி வளராது எனக் கருதிய கான்வே, 1970 முடிவதற்குள் அதனை மெய்ப்பிப்பவருக்கோ மறுப்பவருக்கோ 50 டாலர் பரிசு அறிவித்தார். அவ்வாண்டு நவம்பரில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பில் கோஸ்பர் குழுவினர் மறுத்துக் காட்டினர். அவர்கள் கண்ட 'துப்பாக்கி' வடிவம், 30 தலைமுறைக்கு ஒருமுறை 'கிளைடர்' எனும் நகரும் உருவத்தை ஓயாமல் வெளியேற்றுகிறது.

அத்துப்பாக்கியின் இரு கோடிகளிலும் அதே நான்கு கட்டச் சதுரம் நிற்கிறது! உள்ளே இரண்டு உருவங்கள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. அவை கோடியில் விட்டுச்செல்லும் எச்சத்தைச் சதுரம் அழித்துவிட்டு, மீண்டும் பழைய வடிவிலேயே நிற்கிறது. சதுரத்தை எடுத்துவிட்டால், திரும்பி வரும் உருவம் தன் எச்சத்திலேயே மோதிச் சிதையும், துப்பாக்கியும் குலையும்.

கான்வே 2020 ஏப்ரல் 11இல் கோவிட் நோயால் மறைந்தார். அவரது விளையாட்டு இன்றும் ஆராயப்படுகிறது.

மறுநாள் வகுப்பில், நான் சொன்னது தவறு என்று அந்த மாணவியிடம் ஒப்புக்கொண்டு, துப்பாக்கியைக் கட்டத்தாளில் வரைந்து காட்டினேன். இரண்டு கோடிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தவள், "அப்ப என்னோடது சாகல" என்றாள்.

உங்கள் பிள்ளைகளோடும் விளையாடிப் பாருங்கள். எதனையும் பயனற்றது என்று மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.