ஹிஸ்டமின் மீன் நஞ்சு

பதம் கெடத் தொடங்கிய கடல்மீனைத் தின்பதால் உண்டாகும் உணவு நஞ்சு. சூரை, கானாங்கெளுத்தி, சீலா, சாளை, நெத்திலி முதலிய மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. மீன் செத்தபின் சூடு பட்டால், செவுளிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக்கூடாது என்கிறது.

கடலுக்குத் தொலைவான ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவிலுள்ள அலங்காநல்லூரில் கண்மாய் மீன் பிடித்த அன்றே குழம்பாகிவிடும். கடல்மீனோ இராமேசுவரத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ 100 கி.மீ.க்கு மேல் கடந்து வரவேண்டும். ஆனால் தொலைவைக் குற்றம் சொல்வது சரியன்று. வலையிலிருந்து எடுத்தது முதல் ஐஸ் குறையாமல் வந்த மீன் அலங்காநல்லூரிலும் நல்ல மீன்தான். படகிலேயே சில மணி நேரம் வெயிலில் கிடந்த மீன் கடற்கரையிலேயே நஞ்சாகலாம். பிறகு எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் சேர்ந்த ஹிஸ்டமின் போகாது. கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் கருவாடாக்கினாலும் அழியாது. நாற்றம் இல்லை என்பதும் உறுதி ஆகாது.

தின்ற சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகமும் கழுத்தும் சிவக்கும். தலைவலி, தடிப்பு, அரிப்பு, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரலாம். தின்னும்போதே சிலருக்கு நாவில் மிளகு கடித்தாற்போல் காரம் தெரியும். இதை மீன் ஒவ்வாமை என்று எண்ணி, வாழ்நாள் முழுக்க மீனையே விட்டவர்கள் உண்டு. ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்ட பலருக்கும் ஒன்றாக வந்தால், மீனின் பதத்தைத்தான் ஐயுறவேண்டும். ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கும்; மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கத்தரிக்காய், தக்காளி, முதிர்ந்த பாலாடைக்கட்டி, ஒயின் ஆகியவற்றிலும் ஹிஸ்டமின் உண்டு. கெட்ட மீனோடு ஒப்பிட இவற்றில் பெரும்பாலும் குறைவு. கத்தரிக்காயையும் கருவாட்டையும் தோல் அரிப்பைத் தூண்டும் ‘கரப்பான் பண்டம்’ என்று விலக்கிய நம் வீட்டுப் பத்தியத்தை இங்கே நினைக்கத் தோன்றுகிறது.

காசநோயாளிகளுக்கு இந்த நஞ்சில் தனிக் கவனம் வேண்டும். குடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் டையமின் ஆக்சிடேஸ் நொதியை காசநோய்க்கான ஐசோனியாசிட் மருந்து தடுக்கிறது. இம்மருந்தை உட்கொண்டவர்கள் ஹிஸ்டமின் மிகுந்த மீனைத் தின்று பாதிக்கப்பட்டதை இலங்கை ஆய்வாளர்களான உரகொட, கொத்தேகொட ஆகியோர் 1977இல் வெளியிட்டனர். இத்தகையோர் மாத்திரையை நிறுத்தக்கூடாது. சிகிச்சை முடியும்வரை சூரை போன்ற மீன்களைத்தான் தள்ளிவைக்கவேண்டும்.